வின்ச்சை விற்காதே, மாப்பிள்ளை

வீடு
ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

எனக்குத் தெரியாமல் நம்முடைய வின்ச்சை விற்க ஆள் பிடித்திருக்கிறாய். இது தப்பு. இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருஷமாக மலைச்சரிவில் வெட்டிய மரத்தடிகளை இழுத்து மேலேற்றுகிறோம். மேலே வின்ச்சில் நீ, கீழே சரிவில் நான். நான் தடியில் சங்கிலி மாட்டுவேன், நீ வின்ச்சில் இரும்பு வடத்தைச் சுற்றி, தடியை அந்தரமாகத் தூக்கி இழுப்பாய். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விழுந்து எழுந்து நானே கற்றேன், உன்னையும் பழக்கினேன். வின்ச் கைமாறப் போவதை டீசல் கொண்டுவருகிற ஆள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குப் பதில் தடி இழுக்கிற டயர் வண்டி வாங்கப் போகிறாயாம். அடுத்த வேலைக்கான புதிய சரிவை நானும் வந்து பார்த்தேனே. தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தேன், ஓடை வரைக்கும் உருண்டு போயிற்று. அந்த இடத்திலா டயர் வண்டி? மழை பெய்தால் வண்டியும் சறுக்கும், கிளறிய மண்ணும் ஓடையில் இறங்கும். கீழே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

போன் செய்யாதே. நீ பேசுவது உன் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. எழுத்தில் பதில் சொல்.

உன் அக்கா நலம். நீ மறந்துவிட்டுப் போன குடையை எடுத்து வைத்திருக்கிறாள். நனைந்துகொண்டுதான் இருப்பாய்.

கோபத்துடன்,
அத்தான்


வேலையிடம்
ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். கோபத்துடன் என்று முடித்திருந்தாலும், நீங்கள் எழுதியதே எனக்குச் சந்தோஷம். இங்கே அறை ஒழுகுகிறது. கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருக்கிறேன், வின்ச் இல்லாமலே.

விற்க நினைத்தது உண்மை. உங்களிடம் சொல்லாதது தப்புதான். ஆனால் வடம் பிரிபிரியாகத் தேய்ந்துவிட்டது. டயர் வண்டி என்றால் ஒருவன் கேபினுக்குள் உட்கார்ந்தபடியே தடியைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். சரிவில் யாரும் கால் வைக்க வேண்டாம். வண்டியை மேலேயிருந்து வடம் கட்டிப் பிடித்துக்கொண்டால் சறுக்காது என்று கம்பெனி விற்பனைக்காரர் சொல்கிறார்.

நீங்களும் கொஞ்சம் ஓய்வாக இருக்கலாமே, அத்தான். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு
மாப்பிள்ளை


வீடு
ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

கம்பெனிக்கே நேரில் போய் வந்தேன். உன் அக்காவும் கூட வந்தாள். விற்பனைக்காரன் நல்ல பையன், சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை.

"இந்த வண்டிய அந்தச் சரிவுல இறக்கினா நீ உள்ள உக்காருவியா தம்பி?" என்று கேட்டேன். அவன் உன் அக்காவைப் பார்த்து என்னமோ சொன்னான்.

"டீ சாப்பிடுறீங்களான்னு கேக்குறாரு" என்றாள் அவள்.

நான் கேட்டதற்கு அதுதான் பதில்.

வடம் கட்டிப் பிடிப்பாயாம். வண்டியை வடம் பிடிக்கும், மண்ணை யார் பிடிப்பது? வடம் தேய்ந்தால் வடத்தை மாற்று. செருப்பு கடித்தால் காலையா வெட்டுவார்கள்?

ஓய்வு என்று எழுதியிருக்கிறாய். கிழவனைக் கழற்றிவிடுவதுதான் எண்ணமென்றால் நேராகச் சொல். வண்டியைச் சாக்கு வைக்காதே. பதினைந்து நாளுக்குள் உன் பதில் வராவிட்டால், வின்ச்சோடு சேர்த்து என்னையும் விற்றுவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன்.

அத்தான்


வேலையிடம்
ஜூன் 19

அன்புள்ள அத்தானுக்கு,

இனி மறைத்துப் பயனில்லை. சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஹாரன் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் தளர்த்து. மூன்று என்றால் விலகி ஓடு. இதை எனக்குச் சொல்லித்தந்தது நீங்கள்.

போன வேலையில் கடைசி நாள், தூக்கிய தடி சங்கிலியிலிருந்து நழுவுவதைப் பார்த்தேன். மூன்று அடித்தேன். நீங்கள் குனிந்து அடுத்த தடிக்குச் சங்கிலி கோத்துக்கொண்டிருந்தீர்கள். மறுபடியும் மூன்று அடித்தேன். எதிர் மலையில் காக்கைகள்கூட எழுந்தன, நீங்கள் நிமிரவில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தடி உருண்டு போயிற்று. தரை அதிர்ந்த பிறகுதான் திரும்பினீர்கள். மேலே ஏறி வந்து எல்லார் முன்னாலும், "ஹாரன் அடிக்க உனக்குக் கை இல்லையா?" என்று திட்டினீர்கள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அடித்தேன், அத்தான்.

உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு அக்கா முன்னால் நிற்பேன்? வின்ச் இல்லாவிட்டால் நீங்கள் சரிவில் இறங்க மாட்டீர்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

வேலைக்கு வந்த அன்று எனக்கு பூட்ஸ் வாங்கித் தந்தீர்கள். இரண்டு அளவு பெரிது. "வளந்துடுவ" என்றீர்கள். அப்போதே எனக்கு இருபத்தாறு வயது. இன்றைக்கும் அதே அளவில்தான் வாங்கித் தருகிறீர்கள், நானும் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறேன். அதைக்கூடச் சொல்ல முடியாத நான் இதை எப்படிச் சொல்வேன்?

மாப்பிள்ளை


வீடு
ஜூன் 27

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நான் படித்து முடித்த பிறகும், உன் அக்கா வாங்கி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று விசாரிக்கிற அளவுக்கு உரக்க. எனக்கு நன்றாகவே கேட்டது.

தப்பு உன்னுடையதுதான். வின்ச்சைச் சொல்லவில்லை. அடித்த ஹாரனுக்கு மன்னிப்புக் கேட்டாயே, அதைச் சொல்கிறேன். அத்தனை பேர் முன்னால் நான் திட்ட, நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவனை மேலே உட்கார வைத்துவிட்டு, கீழே ஒருவன் எந்த நம்பிக்கையில் நிற்பது? "அடிச்சேன் அத்தான், உங்களுக்குக் கேக்கல" என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். கத்திவிட்டு யோசித்திருப்பேன்.

டயர் வண்டி அந்தச் சரிவுக்கு ஆகாது. அதில் மாற்றமில்லை. கம்பெனிக்கு மறுபடியும் போனேன். கொட்டகை மூலையில் ஒரு பெரிய இரும்பு நகம் கிடந்தது. வடத்தில் சங்கிலிக்குப் பதில் அதைத் தொங்கவிடலாம். வின்ச்சில் இருப்பவன் பொத்தானை அழுத்தினால் விரிந்து தடியைக் கவ்வும். சரிவில் ஆளே வேண்டாம். ஒரே குறை, மேலே இருப்பவனுக்குப் பள்ளத்தில் கிடக்கும் தடி தெரியாது. எதிர்ச் சரிவில் ஒருவன் உட்கார்ந்து, வாக்கிடாக்கியில் "இடது பக்கம், இன்னும் கீழே, இப்ப கவ்வு" என்று சொல்ல வேண்டும். அவனுக்குக் கண்ணும் வாயும் இருந்தால் போதும். என்னுடையவை இரண்டும் எப்படி என்று உனக்கே தெரியும்.

இனி ஆக வேண்டியவை.

வின்ச் கேட்டு வந்தவனிடம், விற்பதற்கு இல்லை என்று நீ சொல்ல வேண்டும். இன்றைக்கே.

விற்பனைக்காரன் புது வடமும் நகமும் மாட்டி, நாள் முழுக்க நம்மோடு சரிவில் நின்று ஓட்டிக் காட்ட வேண்டும். சட்டை அழுக்காகட்டும்.

வின்ச் கேபின் மேல் பெரிய விளக்கு ஒன்று நீ பொருத்த வேண்டும். மூன்று ஹாரனோடு மூன்று வெளிச்சமும் இருக்கட்டும். பாவம், காக்கைகள் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

காது டாக்டரிடம் உன் அக்கா நேரம் வாங்க வேண்டும். வாங்கிவிட்டாள். அவள் தனியாகப் போக வேண்டாமே என்று நானும் கூடப் போவேன்.

எதிர்ச் சரிவில் உட்கார இடம் பார்க்க அடுத்த வாரம் நான் வருவேன். குடையைக் கொண்டு வருகிறேன்.

நீ இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒரு தாளில் காலை வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. பூட்ஸ் நான்தான் வாங்குவேன். நீ இனி வளர மாட்டாய்.

அத்தான்