தீப்பெட்டிக்குள் ஒரு ஜெட்

நீ கண்மூடிய பிறகு நேற்றுதான் உன் மனைவி ஊட்டிக் காந்தலில் என் பட்டறைக்கு வந்திருந்தார். பட்டறை மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்தார். "அவரு சட்டைப் பையில இருந்துச்சுங்க. உங்க சாமானுன்னு நெனச்சேன்" என்றார். எடுத்து ஆட்டினேன், கடகடத்தது. திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தளவு பித்தளைத் துண்டு, நடுவில் ஊசி நுழையும் ஓட்டை. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட். நம் பழைய கார் போய் இத்தனை வருடம் ஆகியும் இதை வைத்திருந்தாயா, பாவி?

பச்சைத் தேயிலை விலை விழுந்து, நாம் வேலை பார்த்த ஃபேக்டரியைப் பூட்டிய வருடம் அது. நான் ஃபிட்டர், நீ இலை வாட்டும் மாடியில். லைன் வீடுகளில் பாதிப் பேர் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு இறங்கிவிட்டார்கள். நீயும் போவதாக இருந்தாய். இலங்கைத் தோட்டத்திலிருந்து ஒருமுறை மூட்டை கட்டி வந்தவன் நீ. "இன்னொருக்கா மூட்டை கட்ட என்னால ஏலாது மச்சான்" என்று ஒருநாள் சொன்னாய். அதைக் கேட்டபின்தான் அந்தப் பழைய பெட்ரோல் காரை இருவரும் சேர்ந்து வாங்கினோம். நீ வாடகைக்கு ஓட்டுவது, நான் எஞ்சினைப் பார்ப்பது. வண்டி நின்று போனால் நீ திருப்பூர் பஸ் ஏறவேண்டியதுதான்.

எஞ்சின் விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கும், ஆனால் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்றுதான் வெடிக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் நீ பானெட்டைத் திறந்து காது கொடுப்பாய். "நாலு பேரும் பெரட்டுக்கு வந்தாச்சு" என்பாய். பெரட்டு என்றால் உங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவது. எனக்குச் சிரிப்பாக வரும்.

நம் எஞ்சின் இரண்டு தினுசில் வந்தது. அதே பிளாக், அதே கிராங்க், பிஸ்டன் தலை மட்டும் வேறு. குழிந்த தலை, காற்றையும் பெட்ரோலையும் பதமாக நெருக்கும், சுமாரான பெட்ரோலையும் பொறுத்துக்கொள்ளும். தட்டைத் தலை இறுக்கி நெருக்கும். இழுவை அதிகம், கோபமும் அதிகம். நம்முடையது குழிந்த தலை. நான் விடுவேனா? கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் தட்டைத் தலை பிஸ்டன் நான்கு தேடிப் பிடித்து வந்து போட்டேன். ஊட்டியில் காற்று லேசு, அதற்குப் பெட்ரோலும் குறைவாகத்தான் வேண்டும் என்று சின்ன ஜெட் வைத்தேன். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியையும் கொஞ்சம் முன்கூட்டி விழ வைத்தேன். தொட்டபெட்டா ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. கழற்றிய பெரிய ஜெட்டைக் குப்பையில் போட்டேன்.

முதல் சவாரி, குன்னூர் டீச்சரம்மாவைக் கோவைக்குக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவது. நானும் கூட வந்தேன். பத்து மணிக்குள் போய்ச் சேர்த்தால் மாதா மாதம் பரிசோதனைக்கும் நம் வண்டிதான் என்று சொல்லியிருந்தார். வீட்டில் உன் மனைவி அதற்குள் திருப்பூருக்கென்று பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

இறக்கம் முழுக்க எஞ்சின் சும்மாதானே வரும், ஒரு சத்தமும் இல்லை. மலையடிவாரத்தில் கல்லாறு தாண்டி, பாக்குத்தோப்பு ஓரம் சமதளத்தில் நீ ஆக்சிலேட்டரை மிதித்தாய். டப்பாவுக்குள் ஆணியைப் போட்டு உலுக்கின மாதிரி ஒரு சத்தம்.

"ஒன்னுமில்லப்பா, போ போ" என்றேன்.

நீ ஓரங்கட்டினாய். "எஞ்சின் ஏதோ கதைக்குது மச்சான். கேக்காம ஓட்டுனா ஒடஞ்சிரும்."

பானெட்டைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கீழே காற்று கனம். தட்டைத் தலை அதை நிறைய இழுத்து இறுக்குகிறது. சின்ன ஜெட்டில் பெட்ரோல் போதவில்லை, பொறியும் முந்துகிறது. இன்னும் பத்து மைல் போயிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும். மலையிலேயே பிறந்து மலையிலேயே வண்டி பிரித்தவனுக்குத்தான் இந்தத் தப்பு வரும். காற்று என்றாலே ஊட்டிக் காற்று என்று இருந்துவிட்டேன். பெரிய ஜெட் வேண்டும், அது குப்பையில் கிடக்கிறது என்று நான் தலையில் கை வைத்தபோது, நீ சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாய்.

"தோட்டத்துல கழட்டுன சாமான வீச மாட்டாங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

"என்னங்க ஆச்சு? நேரத்துக்குப் போயிருவமுங்களா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"பெட்ரோல் சரியில்ல டீச்சரம்மா. பத்து நிமிசம்" என்றாய், என் முகத்தைப் பார்க்காமலே.

ஜெட்டை மாற்றினேன், பொறியைப் பின்னுக்குத் தள்ளினேன். பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். அன்று சாயங்காலம் உன் மனைவி மூட்டையை அவிழ்த்து உலை வைத்தார். அதற்குப் பிறகு இறங்கும்போது கல்லாற்றில் பெரிய ஜெட், ஏறும்போது சின்ன ஜெட். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். சிரித்த இரண்டு பேர் பிறகு என்னிடமே வந்தார்கள்.

இப்போது வரும் வண்டிகள் காற்றைத் தாமே அளந்துகொள்கின்றன. அதையும் நான் கற்றுக்கொண்டேன், இந்த மலையில் என்னைவிட நன்றாகச் செய்ய ஆள் கிடையாது. ஆனால் கழற்றிய எதையும் இன்றுவரை நான் வீசுவதில்லை. பட்டறையில் கால் வைக்க இடமில்லை.

ஒன்றுதான் பாக்கி. அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பெட்ரோல் சரியில்லை என்றே சொன்னேன். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நேற்று உன் மனைவியும், "அன்னிக்குப் பெட்ரோல்தான காரணம்?" என்று கேட்டார். தீப்பெட்டி என் கையில் இருந்தது.

"பெட்ரோல் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன். "தப்பு என்னுது."

அவர் சிரித்தார். "தெரியுமுங்க. அன்னிக்கு ராத்திரியே அவரு சொன்னாரு. நீங்களா சொல்ற வரைக்கும் தெரிஞ்சதாக் காட்டிக்கக் கூடாதுன்னாரு" என்றார்.