பழைய குவியல் உப்பு

மணற்குடா உப்பளம்
20.06.1955

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஹம்ஸியாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சான் மவுத்தாகி நீங்கள் தனித்துப்போன பிறகு விடிந்ததிலிருந்து கடையில் நின்றபடியே இருக்கிறீர்களாம். லொறிக்கார ஸலீம் சொன்னான். ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பதுளைச் சனம் உங்களிடம் சாமான் வாங்காமலா போய்விடும்?

இரண்டு நல்ல செய்தி. ஹம்ஸியாவுக்கு மூன்று மாதம். முதலாளி என்னை உப்பளத்துக்கு மேற்பார்வையாளனாக்கிவிட்டார். இப்போது எனக்கென்று ஒரு மேசையும், காற்றில் சத்தம்போடும் ஒரு தகரக் கூரையும் இருக்கின்றன.

மார்கழி வெள்ளத்தில் இங்கிருந்த குவியல்கள் எல்லாம் கரைந்துபோனதை எழுதியிருந்தேன் அல்லவா? உப்பளத்துக்குத் தண்ணீர் தரும் களப்பு இன்னும் தெளியவில்லை. செத்த மீனும் மாடும் ஒதுங்கிக் கிடந்த கரையிலிருந்துதான் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டோம். வழக்கமாக, வாரிய உப்பைக் குவித்து, தென்னோலைக் கிடுகு வேய்ந்து, ஒரு மாரி முழுவதும் விட்டுவைப்போம். கசப்பு நீர் அடியால் வடிந்துபோன பிறகுதான் அது சாக்கில் ஏறும். இந்த வருடம் எங்கும் உப்புத் தட்டுப்பாடு. வாரிய கையோடு ஏற்று என்கிறார் முதலாளி.

ஸலீமிடம் ஆறு மூடை உப்பும் நான்கு கட்டுக் கருவாடும் அனுப்புகிறேன். கருவாடு இங்கத்தை மீனவர்கள் நமது புது உப்பில் போட்டது. பழைய குவியலில் ஒரேயொரு மூடை கொட்டிலுக்குள் இருந்து தப்பியது. அதை வீட்டுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியின் வாய்க்குக் கசக்கக் கூடாதல்லவா?

துஆச் செய்யுங்கள்.

உங்கள் தம்பி
தாஸிம்


பசறை வீதி, பதுளை
03.07.1955

அன்புத் தம்பி தாஸிமுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பருப்பு வாங்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஹம்ஸியாவைக் குடம் தூக்க விடாதே. ஆசைப்பட்டதைக் கேட்டு வாங்கிக் கொடு. கேட்காமல் இருந்தாலும் வாங்கிக் கொடு.

உப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதே. மூடைகள் சொட்டச் சொட்ட வந்திறங்கின. கடைக்குள் தரை இன்னும் காயவில்லை. நேற்றுத்தான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் உப்பு, பிறகு தொண்டையடியில் வேப்பங்காய். கருவாட்டைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கிறது. அதற்குள் பாதிக்கு மேல் விற்றுப்போயிற்று. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து இராக்கம்மா சம்பள நாளன்று வந்து தன் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டு போனாள். அவளை உனக்குத் தெரியாது. கொழுந்து எடுப்பவள். எந்தப் பேச்சையும் சிரிப்பில்தான் முடிப்பாள்.

இது சாப்பிடத் தகுந்ததுதானா என்று ஒரு வரி எழுது.

உன் ராத்தா
ஸுபைரா


மணற்குடா உப்பளம்
12.07.1955

அன்புள்ள ராத்தா,

உங்கள் ஊர் மூடுபனிக்கு எந்த உப்புத்தான் காய்ந்து கிடக்கும்? அடுப்புக்கு மேலே பரண் கட்டி வைத்தால் இரண்டு நாளில் உலர்ந்துவிடும். கருவாட்டை ஒரு தடவை வெயில் காட்டச் சொல்லுங்கள். இங்கிருந்து நாளுக்கு மூன்று லொறி போகிறது, வேறு யாரும் முறைப்பாடு சொல்லவில்லை. நான் புதிதாகப் பொறுப்பேற்றவன். என் சொந்த ராத்தாவே குறை சொல்கிறார் என்று முதலாளி காதில் விழுந்தால் எனக்குத்தான் வெட்கம்.

ஹம்ஸியா மாங்காய் கேட்கிறாள். நீங்கள் சொன்னபடி கேட்காததையும் வாங்கிக் கொடுக்கிறேன்.

தாஸிம்


பதுளை
24.07.1955

தம்பி தாஸிமுக்கு,

இதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன்.

மடுல்சீமையில் இராக்கம்மாவின் லயத்தில் பதினேழு பேருக்கு வயிற்றோட்டமும் வாந்தியும். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆள் வராததைக் கண்டுதான் கங்காணி லயத்துக்கே போய்ப் பார்த்திருக்கிறார். இராக்கம்மாவின் மகளுக்கு மூன்று வயது. பசறை வரைக்கும் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து இங்கே கொண்டுவந்திருக்கிறாள். கேள்விப்பட்டு ஓடினேன். குழந்தையின் கண் உள்ளே போயிருக்கிறது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கிறது. என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். "சோறும் கருவாடும்தாங்க. வேற என்னாங்க இருக்கு எங்களுக்கு?" என்றாள். எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டபோது என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஞாபகம் இல்லீங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. நானே டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மிச்சக் கட்டைப் பிரித்தேன். கருவாட்டின் உள்ளே ரோசாப்பூ நிறத்தில் ஒரு படலம். அந்த உப்பு மீனுக்குள் இறங்கவே இல்லை. எல்லாவற்றையும் பின்வளவில் குழி தோண்டிப் புதைத்தேன். உப்பு மூடைகளையும் இனி விற்பதில்லை என்று கட்டிப் போட்டுவிட்டேன்.

பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை, தம்பி. உன் வீட்டுப் பானைக்கு எந்தக் குவியல் உப்பு? அது கசக்கும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் மற்றவர்களுக்கு ஏற்றினாயா?

ஸுபைரா


பதுளை
30.08.1955

அன்புத் தம்பி,

ஐந்து கிழமையாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கடுமையாக எழுதிவிட்டேன் என்று எனக்கே தெரியும். எழுதியதைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை.

இராக்கம்மாவின் பிள்ளை பிழைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கால் இரண்டும் தேயிலைக் குச்சி மாதிரி. அவள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ஒரு கிழவி போய்விட்டாராம். ஏற்கெனவே காய்ச்சலில் கிடந்தவர், உப்பால்தான் என்று யாரும் சொல்லவில்லை.

ஹம்ஸியாவுக்கு இப்போது ஐந்தாம் மாதம் நடக்கும். பிள்ளை அசைகிறதா? கோபம் என்னோடு இருக்கட்டும். அதையாவது எழுது.

ராத்தா


ஏத்தாளைக் குடியிருப்பு
18.10.1955

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். விலாசம் மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஹம்ஸியாவின் உம்மா வீட்டில் இருக்கிறோம். பிள்ளை நன்றாக அசைகிறது.

உங்கள் கேள்விக்கு அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நான் சம்பளக்காரன், முதலாளி சொல்லைத் தட்ட முடியுமா என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். உங்கள் கடிதத்தை மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்தேன். அடுத்ததும் வந்தது, அதையும் அதே இடத்தில் போட்டேன். செப்டெம்பர் முதல் கிழமை ஹம்ஸியா பேனை தேடப்போய் இரண்டையும் படித்துவிட்டாள்.

என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அன்று பகல் கறி கசந்தது. என்ன இது என்று கேட்டேன். "புது உப்பு. பழைய மூடையை உப்பளத்துப் பொம்பிளைகளுக்குப் பிரிச்சுக் குடுத்திட்டேன்," என்றாள். உன் வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்று சத்தம் போட்டேன். "மத்தவங்கட பிள்ளைகளுக்கு இது போதும் எண்டு நீங்கதானே ஏத்தி விட்டீங்க? உங்கட பிள்ளையும் திண்டு பாக்கட்டும்," என்றாள். என் முன்னாலேயே அந்தச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். நான் கையைப் பிடித்துத் தட்டிவிட்டேன். சோறு பாயெல்லாம் சிந்தியது. இரண்டு பேரும் அதைப் பொறுக்கிக்கொண்டே அழுதோம்.

மறுநாள் காலை மூன்று லொறி வந்தது. ஏற்ற முடியாது என்றேன். குவியலில் கிடந்து மாரி கழியட்டும், பாத்திகளைச் சுரண்டிச் சேற்றை வெளியே தள்ளிவிட்டு, களப்பு தெளிந்த பிறகு தண்ணீர் விடுவோம் என்றேன். முதலாளி சிரித்தார். "சனம் உப்பில்லாமக் கிடக்குது, நீ எனக்குச் சுத்தம் படிப்பிக்கிறியா?" என்றார். மலையில் ஒரு லயமே நோயில் விழுந்ததைச் சொன்னேன். "மலைக்காரனுக்கு வயித்தால போனா அதுக்கு நானா பொறுப்பு?" என்றார். சாவியை மேசையில் வைத்தேன். ஸலீம் மட்டும் வெறும் லொறியோடு திரும்பிப் போனான். மற்ற இரண்டும் ஏற்றிக்கொண்டு போயின, ராத்தா. நான் எதையும் நிறுத்திவிடவில்லை. சுகாதாரப் பகுதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், இன்னும் யாரும் வரவில்லை.

இப்போது மீனவர்களோடு வலை இழுக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், தெரிந்துகொண்டுதான் ஏற்றினேன்.

தாஸிம்


பதுளை
09.11.1955

என் அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை. நேற்று இராக்கம்மா கடைக்கு வந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். மூன்று மாதமாக இந்தப் பக்கமே வராதவள்.

"கடக்காரம்மா, ஒங்க தம்பி ரொம்ப மெலிஞ்ச ஆளா இருக்காருங்களே," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எங்கே பார்த்தாய் என்று கேட்டேன்.

"போன ஞாயித்துக்கெழம லயத்துக்கு வந்தாருங்க. மழையில நனைஞ்சுகிட்டு, வாசல்லயே நின்னாரு. ஒக்காருங்கன்னா ஒக்காரல. கடக்காரம்மாவோட தம்பி நான், நான்தான் அந்த உப்ப அனுப்புனேன், கசப்புன்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன்னு சொன்னாரு. லயமே கூடிருச்சு. எங்க வீட்டுக்காரரு கோவத்துல கைய ஓங்கிட்டாருங்க. ஒங்க தம்பி நகரவே இல்ல. அடிச்சா வாங்கிக்கிறேன்னு நின்னாரு. நான்தான் வீட்டுக்காரரப் புடிச்சு இழுத்துட்டேன்."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"என்னாங்க சொல்றது? மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பக்கத்து காம்பராக் கெழவிக்காகச் சொல்ல நான் யாருங்க? தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். நின்னுகிட்டேதான் குடிச்சாரு. ஆனா ஒண்ணுங்க. இத்தன வருசத்துல தப்புப் பண்ணவங்க ஒருத்தரும் லயத்துக்கு ஏறி வந்ததில்ல. கடைசி பஸ்ஸுக்கு நானே கூட்டியாந்து விட்டேன்."

அவள் போன பிறகு முக்காலியில் உட்கார்ந்தேன். வாடிக்கைக்காரர் வந்தார்கள், எழும்பவில்லை.

பசறை பஸ் என் கடை வாசலால்தான் போகிறது, தாஸிம். போகும்போதும் வரும்போதும் என்னைக் கடந்து போயிருக்கிறாய். நான் அப்போது அரிசி அளந்துகொண்டிருந்திருப்பேன். நீ கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பாய்.

உன்னை நான் எவ்வளவு சுலபமாகக் கேள்வி கேட்டேன். அந்த உப்பை விற்ற கை என்னுடையது. நாக்கில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே அளந்து கொடுத்த கை. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். லயத்துக்கு நான் போகவில்லை. அந்தக் கிழவியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நேற்றுத்தான் கேட்டேன். ராசம்மாவாம். அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போகிறேன். இராக்கம்மா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஹம்ஸியாவுக்குத் தை மாதத்தில் பிள்ளை பிறக்கும். இங்கே ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. பின்னறையைக் கழுவி வைத்திருக்கிறேன், ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. கடைக்கு ஆள் வேண்டும் என்பதும் உண்மை, ஆனால் அதற்காகக் கூப்பிடவில்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு வா. இந்த முறை பஸ் கடையடியில் நிற்கும்போது இறங்கு.

உன் ராத்தா
ஸுபைரா