கரிக்குக் கால் முளைத்த பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, சல்கினாய் வணங்கி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? ஆடுகள் மலையிறங்கிவிட்டனவா? நான் நலம்.

கவலைப்படாமல் படியுங்கள். நேற்றுப் பள்ளி விழாவில், என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எழுதிய பாட்டுகளை ஊர் முன்னால் பாடினார்கள். மீரிம் என்ற வாண்டு தலைமையாசிரியரைக் கைகாட்டிப் பாடினாள்:

"பள்ளிக்கூட அடுப்பு குளிருது, பல்லு எல்லாம் ஆடுது;
கரிக்கு மட்டும் கால் முளைச்சு ஸார் வீட்டுக்கு ஓடுது!"

தலைமையாசிரியர் முகம் சிவந்து எழுந்தார். "கோபப்பட்டா தோத்துப்போனீங்க ஸார்! பாட்டுக்குப் பாட்டுதான் பதில்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குதிரைக்காரர் கத்தினார். ஊர் பார்க்க அந்த வழக்கத்தை யார் மீறுவார்கள்?

"திங்கட்கிழமை சொல்றேன்," என்றவர் நேரே என்னிடம் வந்தார். "இதெல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததா, டீச்சர்?"

"எதுகை மோனை மட்டும்தான், ஸார்."

அவர் சிரிக்கவில்லை. பாட்டாகப் பதில் சொல்வாரோ, என்னை வேலையைவிட்டு அனுப்ப உத்தரவே போடுவாரோ, தெரியவில்லை.

நீங்கள் உருட்டும் உப்புத்தயிர் உருண்டை கொஞ்சம் வேண்டும். இங்கே கடையில் விற்பது வாய்க்கு ருசிக்கவே மாட்டேனென்கிறது. என் கம்பளி பூட்ஸும் வேண்டும். இதைக் கொண்டுவரும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை அவர் வண்டியிலிருந்து நான் இறங்காவிட்டால், இரண்டையும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.