மூன்றாம் தூணிலிருந்து கன்னியப்பனுக்கு

என் ராசா, கன்னியப்பா,

எனக்கு எழுதத் தெரியாதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, இந்தக் கட்கியில் டீக்கடை வைத்திருக்கும் சேலத்துக்காரர் எழுதுகிறார். நடுவில் நான் இருமினால் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். ஆமாம், உன் இருமல் இப்போது என்னிடம் வந்துவிட்டது.

நம் பாலத்தடி மாறவில்லை. வண்டி தெரிந்தால் கல்லெடுத்து இரும்புக் குழாயைத் தட்டும் வழக்கமும் மாறவில்லை. படுக்கையும் சட்டியும் அள்ளிப்போகும் முனிசிபாலிடி லாரிக்குப் பயந்து நாம் ஏற்படுத்தியதுதானே? சத்தம் கேட்டால் எதற்கென்று கேட்கக் கூடாது, சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

அன்று காலை தட்டியது நான். வெள்ளை வண்டி, மேலே ஏதோ எழுத்து. எனக்கு எல்லா எழுத்தும் லாரி எழுத்துதான். "விடுண்ணே, என்னால ஆவல" என்றாய். கையைப் பிடித்துச் சுவருக்குப் பின்னால் இழுத்துப்போய், இருமல் கேட்காதபடி உன் வாயைப் பொத்தினேன். ஆளைக் காணாமல் வண்டி போய்விட்டது. மறுவாரம் வந்தபோதுதான் அது மருந்து வண்டி என்று தெரிந்தது. அப்போது நீ இல்லை.

நான் தட்டாமலிருந்தால் பிழைத்திருப்பாயா? மருந்து வண்டி நர்ஸிடம் கேட்டேன். சளியைத் துப்பித் தரச் சொல்லி ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

வீடில்லாமல் கிடப்பதையே இப்போது சீக்காகப் பார்க்கிறார்களாம் முனிசிபாலிடியில். மழையும் கொசுவும் தூக்கமின்மையும் சேர்ந்துதான் நெஞ்சைத் தின்கிறதாம். இதைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷமா என்று வாய்வரை வந்தது. அவர்களுடைய தங்குமிடத்துக்கும் நர்ஸ் என் பெயரைப் பதிந்திருக்கிறாள். இடம் காலியாகும்வரை மாத்திரை இங்கேயே வரும்.

"பாபா, பத்தா சொல்லுங்க" என்று விலாசம் கேட்டாள்.

"பத்தா இருந்தா நான் ஏன் தாயி இங்க படுக்கறேன்?"

தூணில் அடித்திருந்த நம்பரைப் பார்த்தாள். "தூண் மூணு. எழுதிட்டேன். தூணை மாத்திடாதீங்க பாபா!"

அன்றிலிருந்து அந்த வண்டி வந்தால் நான் ஓடுவதில்லை. நேற்று செவ்வாய், மருந்து வண்டி வரும் நாள். வண்டி தெரிந்ததும் குப்பை பொறுக்கும் வடிவு குழாயைத் தட்டிவிட்டாள். எல்லாரும் ஓட்டம். இருமிக்கொண்டே அவள் புருஷன் சின்னசாமியும்.

"கெழவா, காது அவிஞ்சு போச்சா? எழுந்து ஓடுய்யா!"

"அது மருந்து வண்டி வடிவு. உன் ஆளைக் கூட்டிட்டு வா."

"மருந்துன்னுதான் ஏத்துவானுங்க. எங்க எறக்குவானுங்கன்னு நீ பாத்தியா?"

அவளை எப்படித் திட்டுவேன்? அந்தப் பயம் நான் சொல்லிக் கொடுத்தது. நம் கதையைச் சொன்னேன், உன் வாயைப் பொத்தியதையும். கேட்டுவிட்டுப் போனாள். இன்று காலை வந்து, குழாயைத் தட்டும் அந்தக் கல்லை என் மூட்டைமேல் வைத்துவிட்டு, "அவரு உடம்பு நெருப்பா கொதிக்குது" என்றாள்.

அடுத்த செவ்வாய்வரை சின்னசாமி தாங்குவானா? என்னால் உட்கார முடியவில்லையடா. விடிந்ததும் வடிவையும் கூட்டிக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்கு நானே இழுத்துப் போகிறேன். உன்னை இழுத்த அதே கையால். அங்கே விலாசம் கேட்டால், என்னுடையதைச் சொல்லுவேன்.

உன் கூடப்பிறக்காத அண்ணன்,
ராமசாமி,
மூன்றாம் தூண், கட்கி.