டியூபாவுக்கு வந்த கார்னெட் தாள்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நானும் மாமாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே சொல்லில் எழுதுவாய். இந்தத் தடவை, முகவாதத்தில் வந்த வாய்க்கோணல் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்றும் எழுது.

இங்கே ஒரே கொண்டாட்டம். வெளியூரிலிருந்து ஓர் இசையமைப்பாளர் அம்மா வந்திருக்கிறார். நம் பஸ் பணிமனை பேண்டுக்கென்றே மூன்று புதுப் பாட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். பதினைந்து வருஷமாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தோமே! டிராம்போன் ஊதுபவர் புதுப் பாட்டுத் தாளை மோந்தே பார்த்தார். முதல் பாட்டில் ஓரிடத்தில் ஊதுவதை நிறுத்தி, எல்லாரும் மூன்று முறை காலைத் தட்ட வேண்டும். எலெக்ட்ரீஷியன் ஒவ்வொரு தடவையும் நான்காவதாக ஒன்று தட்டுகிறார். சிரித்துச் சிரித்து ஊதவே முடியவில்லை.

இரண்டாவது பாட்டில் உன் சின்னக் குழல் கார்னெட்டுக்குத் தனியாக ஒரு நீண்ட இடம் இருக்கிறது. அது உனக்குத்தான். எட்டு மாதமாக உன் நாற்காலியில் நான் யாரையும் உட்கார விடவில்லை. தாளை வாங்கி வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா? எப்போது வருகிறாய்?

உன் அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

தண்ணீர் குடித்தால் இப்போது சட்டையில் வழிவதில்லை. அவ்வளவுதான் முன்னேற்றம். கார்னெட்டை வைத்தால் வலது உதட்டோரம் காற்று புஸ்ஸென்று போகிறது. தாள் அனுப்ப வேண்டாம்.

தம்பி

ஜூன் 20

தம்பி,

கோபித்துக்கொள்ளாதே. ஒரு தப்பு நடந்துவிட்டது.

உனக்காக வாங்கிய தாள் என் பெரிய குழல் டியூபாவின் தாளுக்கு மேலே இருந்திருக்கிறது. எந்தக் குழலுக்கான தாள் என்று நான் பார்க்கவில்லை. நம் பேண்டில் பெரிய குழலோ சின்னக் குழலோ, தாளில் எழுதும் முறையும் ஒன்றுதான், விரல் வைக்கும் முறையும் ஒன்றுதானே. இருந்ததை அப்படியே ஊதிவிட்டேன். 'இருபது வருஷமா பூம் பூம்னு உட்கார்ந்திருந்தவளுக்கு இன்னிக்கு என்ன இவ்வளவு வேலை' என்று நினைத்துக்கொண்டேதான் ஊதினேன். நிமிர்ந்து பார்த்தால் மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். நான் நிறுத்தப் போனேன். அந்த அம்மா, "ஐயோ, நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்க!" என்று கத்தினார். அந்த இடத்தை இனி டியூபாவே ஊதட்டும் என்கிறார்.

"அது என் தம்பியோட இடம், என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்லத் தெரியாது. ஊதும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் பொருளைத் திருடிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. நீ வேண்டாமென்றால் இனி தொட மாட்டேன். ஒரு வரி எழுது.

அக்கா

ஜூன் 27

பைத்தியக்கார அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். வருத்தத்தில் இல்லை, அப்பாடா என்று அழுதேன்.

"சின்னக் குழல் இனிமே கஷ்டம்தாங்க" என்று டாக்டர் மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டார். 'எப்போது வருகிறாய்' என்று நீ கேட்கும்போதெல்லாம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ காத்த அந்தக் காலி நாற்காலிதான் என்னை வரவிடாமல் செய்தது. மறைத்ததற்கு மன்னித்துவிடு. இன்றே போய் அந்த அம்மாவிடம் சரி என்று சொல். வயிறு நிறைய ஊது.

உன் கடிதம் வந்த மறுநாள் இங்கே ஒருவரிடம் டியூபா இரவல் வாங்கி ஊதிப் பார்த்தேன். வாய் வைக்கும் இடம் பெரியது, காற்று கசியவில்லை! பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கப்பல் கிளம்புதா?" என்றார்.

நீ ராகம் ஊதப் போய்விட்டால் உன் பூம் பூம் தாளை யார் ஊதுவது? வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

தம்பி

ஜூலை 1

டேய்,

மூன்று மாதமா மறைத்தாய்? நேரே வீட்டுக்கு வா. முதலில் உன்னை ஆசை தீரத் திட்ட வேண்டும். அப்புறம் சேர்ந்து ஊதலாம்.

அக்கா