கடைசி நான்கு சதவீதம்

லுங்சோ கிராமம், கொட்டகை
மாலை 4.10. வெளியே மைனஸ் 17. சார்ஜ் 91.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். நான் ஒரு மின்சார ஆம்புலன்ஸ். சரியாகச் சொன்னால், அதற்குள் இருக்கும் கணினி. ஓசூரில் பிறந்தேன். இமயமலைக் கிராமம் ஒன்றில் ஒரு பனிக்காலத்தைத் தாங்குவேனா என்று பார்க்க இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். என்னை ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும் என்ஜினியர் கோமதிநாயகம், சங்கரன்கோவில்காரர். முன்பு இருந்தவருக்கு மூச்சுத்திணறல் வந்து மலையிறங்கிவிட்டதால், இவர் முந்தாநாள்தான் வந்தார்.

தாங்குவேனா என்று கேட்டால், தாங்குவேன். ஊரில் முந்நூறு கிலோமீட்டர் ஓடுகிறவன் இங்கே நூற்றெண்பது ஓடுவேன், அவ்வளவுதான். ஆனால் நிற்கும் நேரமெல்லாம் ப்ளக்கில் இருக்க வேண்டும். சார்ஜ் நிரம்பிய பிறகும் பேட்டரியைச் சூடாக வைத்திருப்பது அந்த மின்சாரம்தான். இந்தக் கிராமத்து நர்ஸ் லாமோவுக்கு இது சொல்லாமலே புரிந்தது. அவர்கள் ஊர் டீசல் ஜீப்புக்கே இரவில் கம்பளி போர்த்தி, அடியில் கங்கு வைக்கிறார்கள்.

அதே கொட்டகை
இரவு 7.30. மைனஸ் 22. சார்ஜ் 100.

பச்சை விளக்கு எரிந்தது. கோமதிநாயகம் வந்தார், பார்த்தார், திருப்தியாகச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன், மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாவற்றுக்கும் ஸ்விட்சை அணைத்த பிறகுதான் அவர் வீட்டில் படுக்கப் போவார்கள். ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டேன். பூட்டிய வண்டிக்குள் அதை யார் பார்ப்பது? சத்தம் போடலாமென்றால், சீட் பெல்ட்டுக்காக நான் நச்சரித்ததில் கடுப்பாகி நேற்றே என் ஒலியை அணைத்துவிட்டார். ஓசூருக்குத் தகவல் அனுப்பினேன். அங்கே பொங்கல் விடுமுறை.

காலை 8.05. மைனஸ் 29. பேட்டரிக்குள் மைனஸ் 20.

திரையில் இன்னமும் நூறு என்றுதான் காட்டுகிறேன். அதில் ஐம்பத்தெட்டுதான் கைக்கு வரும், மிச்சம் உறைந்து கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து லாமோ ஓடி வந்தார். கிராமத்துப் பெண் டிஸ்கித்துக்கு எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. குறைமாதக் குழந்தையைச் சூடான பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்ற முடியுமாம். அந்தப் பெட்டி தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாம்தாங் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஊர் ஜீப்பும் சாம்தாங்கில்தான் நிற்கிறது.

சேட்டிலைட் போனில் ஓசூர் கட்டுப்பாட்டு அறை. பேசியது நூர்ஜஹான், விடுமுறையிலும் காலையில் பணிக்கு வந்தவர்.

"அண்ணே, நைட்டு ப்ளக்குல போட்டுத்தான வச்சிருந்தீங்க?"

"ஃபுல் ஆயிட்டுன்னு ஸ்விட்ச அணைச்சிட்டுத்தாம்மா படுத்தேன். எங்க வீட்ல எல்லாத்துக்கும் அப்படித்தான செய்யோம்."

நூர்ஜஹான் அங்கிருந்தே என் பேட்டரி அளவுகளை எடுத்துப் பார்த்தார். பிறகு, ப்ளக்கில் போட்டுச் சூடாக்கினால் நான்கு மணி நேரம் ஆகும் என்றார். அவ்வளவு நேரம் பொறுக்காது என்றார் லாமோ. என் கணக்கில் நூற்று நான்கு கிலோமீட்டர் போகலாம். லாமோவும் டிஸ்கித்தும் பின்னால் ஏற, கிளம்பிவிட்டோம்.

கணவாய் உச்சி
நண்பகல் 12.20. மைனஸ் 24. சார்ஜ் 31.

ஏற்றமும் புதுப் பனியும் சேர்ந்து என் கணக்கைத் தின்றுவிட்டன. சக்கரத்துக்குப் போக வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே சூடாக்கவே போகிறது. ஹீட்டரைக் குறைக்கச் சொல்லி நூர்ஜஹான் கெஞ்சினார். கோமதிநாயகம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "குறைச்சா அந்தப் புள்ள நடுங்குதுல்லா" என்றார். கடைசியில் தன் ஜாக்கெட்டைக் கழற்றி டிஸ்கித் மேல் போட்டுவிட்டு, பாதியாகக் குறைத்தார். இப்போது அவர் பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

இறக்கம் வருகிறது. இறக்கத்தில் பிரேக் போடப் போட பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும். எல்லோருக்கும் அந்த நம்பிக்கைதான்.

இறக்கம்
பகல் 1.30. சார்ஜ் 14.

வரவில்லை. உறைந்த பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும், வாங்கிக்கொள்ளாது. இருபது கிலோமீட்டர் இறக்கத்தில் கிடைத்ததெல்லாம் பிரேக் தகட்டில் வெறும் சூடாகிக் காற்றில் போயிற்று. அதை அளந்து குறித்துக்கொண்டே வந்தேன். வேறென்ன செய்ய?

சாலையோரம், சாம்தாங்குக்கு 13 கிலோமீட்டர்
பகல் 2.40. மைனஸ் 21, பலத்த காற்று. சார்ஜ் 7.

நின்றுவிட்டேன். ஏழு இருந்தாலும் சக்கரத்தைச் சுழற்றுகிற வேகத்தில் அதைக் கொடுக்க இந்தக் குளிரில் முடியவில்லை. மெதுவாகக் கொடுத்தால் ஹீட்டர் மட்டும் எரியும். சாம்தாங்கில் நிற்கும் ஜீப்பில் டீசல் கட்டிதட்டிவிட்டதாம், டாங்கிக்கு அடியில் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான்கரைக்கு முன் வராது.

பகல் 3.15. சார்ஜ் 5.

பெண் குழந்தை. லாமோ தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்து, இருக்கிற துணியையெல்லாம் மேலே போட்டிருக்கிறார். அழுகிறது, பூனைக்குட்டி மாதிரி சின்னக் குரல். கோமதிநாயகம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "நாந்தான், நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஏதாவது சொல்லத் தோன்றுகிறது. என் ஒலியை அவர் இன்னும் திறக்கவில்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் நான்குக்கு இறங்கியதும் ஹீட்டரை நான் அணைத்தாக வேண்டும். அடிமட்டம் வரை இறங்கினால் பேட்டரி செத்துவிடும், அதனால் கடைசி நான்கை யாரும் தொடக்கூடாது என்று எனக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நான்கு இருந்தால் ஜீப் வரும் வரை ஹீட்டர் எரியும். எனக்கும் தெரிகிறது. என்னால் மீற முடியாது.

பகல் 3.32. சேட்டிலைட் போனில் நூர்ஜஹான்.

"அண்ணே, அந்தக் கடைசி நாலோட பூட்டத் திறக்க ஆறு நம்பர் இருக்கு. ஸ்க்ரீன்ல போடுங்க. நாலு, ஒம்போது, ரெண்டு, ஏழு..."

"சொல்லும்மா, சொல்லு."

தொடர்பு அறுந்தது. மேகம் இறங்கிவிட்டது.

பகல் 3.41.

கடைசி இரண்டு எண்ணைக் குருட்டாம்போக்கில் போட்டுப் பார்த்தார். தப்பு. மறுபடியும் போட்டார், தப்பு. விரல் விறைத்துப்போய் ஒரே பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். அதுவும் தப்பு. மூன்று தடவை தவறினால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு விதி. பூட்டிக்கொண்டேன்.

அந்த எண் எனக்குத் தெரியும். எனக்குள்தான் இருக்கிறது. அதைத் திரையில் காட்டும் உரிமையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. ஐயோ, ஆயிரம் தடவை காட்டப் பார்த்தேன்.

பகல் 3.48. சார்ஜ் 4.

ஹீட்டரை அணைத்தேன்.

கோமதிநாயகம் சட்டையையும் கழற்றிப் பின்னால் கொடுத்தார். பிறகு திரையைக் கையால் அடித்தார். "ஏல, உனக்குக் காலப் புடிக்கேன், போடுல" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

மாலை 4.06. உள்ளே மைனஸ் 6. சார்ஜ் 4.

குழந்தையின் அழுகை நிற்கிறது, பிறகு வருகிறது. நின்றால் லாமோ உள்ளங்காலைத் தேய்க்கிறார்.

மாலை 4.19. உள்ளே மைனஸ் 11. சார்ஜ் 4.

இப்போது கொஞ்ச நேரமாக நின்றிருக்கிறது. லாமோ தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஜீப்பின் விளக்கு எதுவும் கேமராவில் தெரியவில்லை. பேட்டரியைக் காக்க அடுத்து கேமராவை அணைக்க வேண்டும், பிறகு மைக்கை. கேமராவை அணைத்துவிட்டேன். மைக்கை மட்டும் இன்னும் கொஞ்சம், அந்தச் சத்தம் ஒரு தடவை வந்துவிட்டால்

மாலை 4.20. மைக் அணைக்கப்பட்டது. பேட்டரி பத்திரமாக இருக்கிறது.