மதில் மேல் டீச்சர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா சொல்கிறபடி மாத்திரை போடுகிறீர்களா, இல்லை வழக்கம்போல டபாய்க்கிறீர்களா? நான் நலம், காலில் மட்டும் சின்னச் சுளுக்கு. பதறாதீர்கள், சிரிப்பான கதைதான்.

எங்கள் பள்ளியில் முதல் பீரியடில் மட்டும்தான் வருகைப் பதிவு எடுப்பார்கள். பத்தாம் வகுப்பில் மூன்று பெண்கள் "பிரசன்ட் டீச்சர்" என்று குரல் கொடுத்துவிட்டு, பின்பக்க மதில் ஏறிக் கம்பி நீட்டிவிடுவார்கள். இப்படியே போனால் பரீட்சையில் தேறமாட்டார்கள். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பேர்வழி என்று திங்கட்கிழமை அவர்கள் பின்னாலேயே நானும் ஏறினேன். ஏறிவிட்டேன், இறங்கத் தெரியவில்லை. சேலை வேறு மாட்டிக்கொண்டது.

வெளியே நின்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, "அய்யோ டீச்சர், அசையாதீங்க! இடது காலை இங்க வைங்க" என்று ஒருத்தி தோள் கொடுத்தாள். அப்படியும் சுளுக்கிக்கொண்டது. மூவருமாகத் தாங்கிப் பிடித்து, வாசல் வழியே என்னை உள்ளே கூட்டிவந்தார்கள்.

தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, மூணு பேரையும் ஒரே நாள்ல பிடிச்சிட்டீங்களே!" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் மூவரும் கடைசி பீரியட் வரை இருந்தார்கள். "கால் எப்படி இருக்கு டீச்சர்? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். இந்த ஊருக்கு வந்தபின் என்னை அப்படிக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

நீங்கள் தடவும் தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் நாலு வரி.

மணி அடிக்கிறது. நான் கட் அடித்தால் அந்த மூன்று பேரும் தேடி வந்துவிடுவார்கள்.

உங்கள் மகள்